பரணில் பழைய டிவி, அலுவலக வாசலில் ஒரு பெட்டி
வீட்டு மின்னணுக் கழிவைப் பணியிடங்கள் வழியே திரட்டுவது பலன் தருமா?

2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. பதினான்கு அங்குலத் திரை, பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடிக் குழாய் டிவி. அடுத்து வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. மக்கள் சொந்தக் காசில் வாங்கியவை தனி. வீட்டுக்கு ஒன்றாக இருந்த கைபேசி ஆளுக்கு ஒன்றானது. ஒவ்வொரு கைபேசியோடும் ஒரு சார்ஜர் வந்து சேர்ந்தது.

அந்த டிவி இன்று எங்கே? சில வீடுகளில் பரணில் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் காயலான் கடைக்குப் போய்விட்டது. மடிக்கணினி பேட்டரி உப்பிய நிலையில் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. கொடுத்த நாளுக்கும் வாங்கிய நாளுக்கும் ரசீது உண்டு. வீட்டை விட்டு அது வெளியேறிய நாளுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

இந்தப் பொருட்களை முறையான மறுசுழற்சிக்குக் கொண்டு சேர்க்கச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று பணியிடம். அலுவலகமோ ஆலையோ தன் வாசலில் ஒரு பெட்டி வைக்கிறது. ஊழியர்கள் வீட்டில் கிடக்கும் பழைய மின்பொருட்களைக் கொண்டுவந்து போடுகிறார்கள். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் வந்து எடுத்துச் செல்கிறது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. உண்மையில் இது பலன் தருமா, ஆண்டுக்கு ஒருமுறை பதாகை கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் சடங்காகத் தேய்ந்துவிடுமா? கழிவின் தன்மை, நாட்டுச் சட்டம், பிற நாடுகளின் அனுபவம், களத்தில் எழும் தடைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடை தெளிவாகும்.

சின்னப் பொருள், பெரிய கசிவு

ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு. 2030-இல் கழிவின் அளவு 8.2 கோடி டன்னை எட்டும் என்கிறது அறிக்கை. சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா மூன்றாம் இடத்தில் இருக்கிறது. நம் பங்கு ஏறத்தாழ 41 லட்சம் டன். தலைக்கு என்று பிரித்தால் நமக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு, உலகச் சராசரி 7.8 கிலோ. இதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. ஏசியும் வாஷிங் மெஷினும் நம் வீடுகளுக்குள் இப்போதுதான் பரவலாக நுழைகின்றன. அவை கழிவாகும் காலம் இனிமேல்தான் வரப்போகிறது.

அதே அறிக்கையில் நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும் தகவல் ஒன்று இருக்கிறது. மொத்தக் கழிவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 கோடி டன், மைக்ரோவேவ், மின் பொம்மை போன்ற சிறு சாதனங்கள். அவற்றில் மறுசுழற்சிக்குப் போனது 12 விழுக்காடுதான். கைபேசி போன்ற சிறிய தகவல்தொடர்புக் கருவிகளில் 22 விழுக்காடு. காரணம் ஊகிக்கக் கூடியதே. பழைய ஃபிரிட்ஜ் இடத்தை அடைக்கும்; புதியது வாங்கும் நாளில் எக்ஸ்சேஞ்சில் போய்விடும். பழைய கைபேசியோ டிராயருக்குள் அடங்கிவிடும். அடங்கிப் போவதாலேயே மறந்துபோகிறது.

ஐரோப்பாவில் ஆறு நாடுகளில் 8,775 வீடுகளில் நடந்த கணக்கெடுப்பு ஒன்று 2022-இல் வெளியானது. சராசரியாக ஒரு வீட்டில் 74 மின்பொருட்கள் இருந்தன. அவற்றில் 13 யாரும் தொடாமல் கிடந்தன. அந்தப் பதின்மூன்றிலும் ஒன்பது நல்ல நிலையில் இயங்குபவை. பின்னால் உதவும் என்ற எண்ணம், பொருளின் மேல் உள்ள பற்று, எங்கே கொடுப்பது என்று தெரியாமை ஆகியவை மக்கள் சொன்ன காரணங்களில் அடக்கம். நம் வீட்டு டிராயரைத் திறந்து பார்த்தாலும் இதே காரணங்கள்தான் கிடைக்கும்.

ஆகவே, பெரிதும் கசிவது சின்னப் பொருள். கைப்பையில் போட்டு எடுத்துப் போகக் கூடியதும் அதுவே. தினம் வீட்டிலிருந்து கைப்பையோடு மனிதர்கள் போகும் இடம் பணியிடம். இந்த முயற்சிக்கு இதைவிட வலுவான அடிப்படை வேறில்லை.

உள்ளே இருப்பது தங்கமும் ஈயமும்

2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவில் இருந்த உலோகங்களின் மதிப்பு 9,100 கோடி டாலர் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. அதில் செம்பு 1,900 கோடி, தங்கம் 1,500 கோடி. சுரங்கத்தில் ஒரு டன் தாதுவை உடைத்தால் சில கிராம் தங்கம் கிடைக்கும். ஒரு டன் பழைய கைபேசியில் நூற்றுக்கணக்கான கிராம் இருக்கிறது.

அதே பொருளில் நஞ்சும் இருக்கிறது. பழைய டிவிக் குழாயின் கண்ணாடியிலும் பழைய பற்றவைப்புகளிலும் ஈயம். சில திரைகளின் விளக்கில் பாதரசம். பழைய ரீசார்ஜ் பேட்டரிகளில் காட்மியம். பிரிக்கும் முறையைப் பொறுத்தே செல்வம் நம் கைக்கு வருவதும் நஞ்சு மூச்சுக்குள் போவதும் அமைகிறது. முறையான ஆலையில் முதலில் கையால் பிரிக்கிறார்கள். பிறகு நொறுக்கி, காந்தத்தால் இரும்பையும் சுழல் மின்னோட்டத்தால் அலுமினியத்தையும் தனியே எடுக்கிறார்கள். மின்சுற்றுப் பலகைகள் உருக்காலைக்குப் போகின்றன. பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ள யூமிகோர் ஆலை இப்படிப் பலகைகளிலிருந்து பதினைந்துக்கும் மேற்பட்ட உலோகங்களைப் பிரித்தெடுக்கிறது.

மறுபக்கம் டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்கள். செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். எடுத்ததைவிட வீணாவது அதிகம். மிஞ்சிய அமிலம் சாக்கடைக்குப் போகிறது. இதே தொழில் நடந்த சீனாவின் குய்யூ நகரில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2007-இல் வெளியானது. பக்கத்து ஊர்க் குழந்தைகளைவிடக் குய்யூ குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. மறுசுழற்சி என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு தொழில்களும் அடங்கிவிடுகின்றன. நாம் பெட்டியில் போடும் சார்ஜர் இரண்டில் எதற்குப் போகிறது என்பதே பார்க்க வேண்டியது.

சட்டம் எங்கே நிற்கிறது

மின்னணுக் கழிவுக்கென்று இந்தியாவில் முதல் விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் அவை மாற்றி எழுதப்பட்டன. இப்போது நடப்பில் இருப்பவை 2023 ஏப்ரல் 1 முதல் அமலான 2022-ஆம் ஆண்டு விதிகள். முன்பு 21 வகைப் பொருட்களுக்குப் பொருந்திய விதிகள் இப்போது 106 வகைகளுக்குப் பொருந்தும். தயாரிப்பாளர் தான் விற்ற பொருளின் அளவுக்கேற்ப மறுசுழற்சிப் பொறுப்பை ஏற்க வேண்டும். தொடக்க இலக்கு 60 விழுக்காடு, படிப்படியாக 80 விழுக்காடு. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம், தான் மீட்டெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அடிப்படையில் சான்றிதழ் பெறுகிறது. தயாரிப்பாளர் அந்தச் சான்றிதழை வாங்கிக் கணக்கை நேர் செய்கிறார். எல்லாம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளம் வழியே நடக்கின்றன.

பெரும் பயனாளருக்கும் கடமை உண்டு. ஒரு நிதியாண்டில் ஏதேனும் ஒரு கட்டத்திலாவது ஆயிரம் மின்பொருட்களைப் பயன்படுத்திய எந்த நிறுவனமும் தன் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். மத்திய அரசு அலுவலகங்கள் 2025 அக்டோபரில் நடத்திய தூய்மை இயக்கத்தில் மின்னணுக் கழிவை அகற்றுவதற்கே தனி அழுத்தம் கொடுக்கப்பட்டது.

இவ்வளவு பேருக்குக் கடமை வகுத்த விதிகள் வீட்டுக்காரருக்கு என்று எதையும் வகுக்கவில்லை. வீட்டுக்காரரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொடுக்க இடம் இல்லாதவருக்குக் கடமை சொல்லிப் பயன் இல்லை. நாட்டின் மின்னணுப் பொருட்களில் பெரும் பகுதி யார் கையில் இருக்கிறதோ, அவருக்குச் சட்டத்தில் கடமையும் இல்லை, தெருவில் வசதியும் இல்லை என்பதே இன்றைய நிலை. தயாரிப்பாளரின் இலக்கு ஒரு கரை. வீட்டுப் பரண் மறு கரை. நடுவில் பாலம் வேண்டும்.

பணியிடம் என்ற பாலம்

அந்தப் பாலமாகும் தகுதி பணியிடத்துக்கு இருக்கிறது. முதலாவது, மனிதர்கள் அங்கே எப்படியும் வருகிறார்கள்; கழிவுக்காகத் தனிப் பயணம் தேவையில்லை. இரண்டாவது, ஐந்நூறு வீடுகளுக்கு ஒரு வண்டி அனுப்ப எந்த மறுசுழற்சி நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலைக்கு ஒரு வண்டி அனுப்பக் கட்டுப்படியாகும். திரட்டும் செலவு குறையும்போது சான்றிதழ் முறையும் அந்த வீட்டுக் கழிவை வரவேற்கத் தொடங்கும். மூன்றாவது, பெரிய நிறுவனங்கள் தம் கழிவை ஒப்படைக்க ஏற்கெனவே பதிவு பெற்ற ஒருவருடன் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதே வண்டியில் ஊழியர் வீட்டுப் பொருளும் ஏறலாம். நான்காவது, சக ஊழியர் கொண்டுவருவதைப் பார்த்து நாமும் கொண்டுவருகிறோம். தெருமுனைப் பெட்டிக்கு அந்த உந்துதல் கிடையாது.

பணியிடம் என்றதும் கண்ணாடிச் சுவர் வைத்த மென்பொருள் நிறுவனத்தை மட்டும் நினைக்கக் கூடாது. திருப்பூரின் பனியன் கம்பெனி, கோவையின் பம்ப் தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பேருந்தில் ஆட்களை ஏற்றிவரும் ஆலை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, பள்ளி எல்லாம் பணியிடங்களே. பள்ளியில் பெட்டி வைத்தால் ஆசிரியர் வீடுகளோடு மாணவர் வீடுகளும் சேர்ந்து வரும்.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் மூன்றையும் பழைய மின்பொருளிலிருந்தே செய்வது என்று ஜப்பான் முடிவெடுத்தது. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை உள்ளாட்சிகள் 78,985 டன் சிறு சாதனங்களைத் திரட்டின. கைபேசிச் சேவை நிறுவனமான என்டிடி டொகோமோவின் கடைகளில் 62 லட்சம் கைபேசிகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் கிடைத்தன. ஏறத்தாழ 5,000 பதக்கங்கள் உருவாயின. தான் கொடுத்த கைபேசி கடைசியில் என்ன ஆகப்போகிறது என்பது கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. எந்த விளம்பரத்தையும்விட அந்தத் தெளிவு டிராயர்களைத் திறக்க வைக்கும்.

சுவிட்சர்லாந்தில் பொருளை வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணத்தையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அதனால் பழையதை, அந்த வகைப் பொருளை விற்கும் எந்தக் கடையிலும் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு ஆணையோ, 400 சதுர மீட்டரும் அதற்கு மேலும் மின்பொருள் விற்பனைப் பரப்பு கொண்ட கடைகள், 25 சென்டிமீட்டருக்கு மேற்படாத பழைய பொருட்களை, புதிதாக எதையும் வாங்கச் சொல்லாமல் இலவசமாகப் பெற வேண்டும் என்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே வழி என்று அவர்கள் நினைக்கவில்லை. சின்னப் பொருளுக்குச் சின்ன வாசல், பெரிய பொருளுக்குப் பெரிய வாசல். நம் பணியிடப் பெட்டிக்கும் இந்த அளவுகோல் சரியாகப் பொருந்தும்.

தடைகளும் எதிர்வாதங்களும்

முதல் தடை விலை. பழைய மிக்சிக்குக் காயலான் கடையில் ஏதோ ஒரு தொகை கிடைக்கும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே நம் வீடுகளில் பழையது என்றால் காசு. அலுவலகப் பெட்டி எதுவும் தருவதில்லை. ஆகவே காசு பெறும் பொருளுக்குப் பெட்டி போட்டிபோடக் கூடாது. காயலான் கடைக்காரரும் வேண்டாம் என்று தள்ளும் ரிமோட், சார்ஜர், இயர்போன், எல்.இ.டி. பல்பு, மோடம், பவர் பேங்க் ஆகியவையே பெட்டியின் பங்கு.

இரண்டாவது, பிழைப்பு. தெருத்தெருவாகப் பழைய சாமான் வாங்குபவரின் வருமானத்தைப் பெரிய நிறுவனங்கள் பறித்துக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. நாட்டில் இன்று நடக்கும் சேகரிப்பின் முதுகெலும்பு அவர்களே. வீடு வீடாகப் போகும் அந்தத் திறமை எந்த நிறுவனத்திடமும் இல்லை. பெங்களூரிலும் சீனாவின் தைஜோ நகரிலும் முன்பு ஒரு முன்னோட்டம் நடந்தது. சேகரிப்பதும் கையால் பிரிப்பதும் உள்ளூர்த் தொழிலாளர்களிடம், பலகையை உருக்குவது நவீன ஆலையில் என்ற ஏற்பாடு அது. ஒயர் எரிப்பையும் அமிலத் தொட்டியையும் மட்டும் நீக்கிவிட்டு மனிதர்களை விட்டுவைக்கும் இந்த வழியே நமக்கு உகந்தது. பெட்டியை எடுத்துச் செல்லும் ஒப்பந்தத்தில் இவர்களுக்கும் கூலி உறுதியாக வேண்டும்.

மூன்றாவது, தரவு. பழைய கைபேசியில் குடும்பப் படங்கள், வங்கிச் செய்திகள், கடவுச்சொற்கள் இருக்கும். பெரிய நிறுவனங்களே இதில் தவறியிருக்கின்றன. சேவையகங்களையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான் ஏற்றும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது அமெரிக்காவின் மோர்கன் ஸ்டான்லி. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்கள் அழியாமலே இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. 2022 செப்டம்பரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் அந்நிறுவனத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஊழியர்களின் கைபேசிகளைப் பூட்டில்லாத அட்டைப்பெட்டியில் வாரக்கணக்கில் திரட்டி வைப்பதும் இதே தவற்றின் சிறிய வடிவம்.

நான்காவது, தீ. லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ முனைகள் ஒன்றோடொன்று உரசினாலோ தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலும் காகிதமும் கலந்து கிடக்கும் தொட்டியில் உப்பிய பேட்டரியைப் போடுவது ஆபத்து.

ஐந்தாவது, வெறும் காட்சி. சுற்றுச்சூழல் தினத்தன்று பெட்டி வைத்து, எடை போட்டு, எண்ணை ஆண்டறிக்கையில் அச்சிட்டால் முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் உண்டு. அன்று பெட்டியில் விழுந்தது பின்னர் எங்கே போனது என்று கேட்டால் பதில் இராது. அங்கே சேர்ந்தது ஒயர் எரிப்பவரிடம் போய்விட்டால், பரணிலேயே கிடந்திருந்தால்கூடக் குறைந்த கேடு என்றாகிவிடும்.

இந்த ஐந்தில் முதல் நான்கும் ஏற்பாட்டால் தீரக் கூடியவை. ஐந்தாவதுக்கு மட்டும் நேர்மை வேண்டும்.

நல்ல ஏற்பாடு எப்படி இருக்கும்

பெட்டி நிரந்தரமாக இருக்க வேண்டும். ஒருநாள் திருவிழா, அன்று விடுப்பில் இருந்தவரை விட்டுவிடும். வாய் சிறியதாக, பூட்டுள்ளதாக, கண்காணிப்பு உள்ள இடத்தில் இருக்கட்டும். 25 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பொருள் மட்டும் அதற்குள் போகலாம். பழைய குழாய் டிவி, கணினித் திரை போன்றவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் தனியாக வண்டி ஏற்பாடு செய்யலாம். குழாயை யாரும் உடைக்கக் கூடாது. அதன் ஈயக் கண்ணாடிக்கு வாங்குவோரே அருகிவிட்டதால், காயலான் கடையில் செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் தெருவோரம் போட்டுவிடுகிறார்கள்.

பேட்டரிக்குத் தனிப் பெட்டி. முனைகளில் செலோ டேப் ஒட்டிய பிறகே அதில் போட வேண்டும். உப்பியவற்றை உலர்ந்த மணல் நிரப்பிய இரும்பு டப்பாவில், அலுவலகத்துக்கு வெளியே வைக்க வேண்டும். பேட்டரிக் கழிவுக்கு 2022-இல் தனி விதிகளே வந்துவிட்டன. அவற்றை ஏற்கும் பதிவு உள்ளவரிடமே கொடுக்க வேண்டும்.

கைபேசி கொண்டுவருபவருக்கு, கணக்குகளிலிருந்து வெளியேறி எல்லாவற்றையும் அழித்துத் தர நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஒருவர் உதவலாம். பெட்டிக்குப் பக்கத்திலேயே பழுதுபார்ப்பவருக்கு ஒரு மேசை போடலாம். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே இயக்கம் பெங்களூரு வரை வந்திருக்கிறது. நம் ஊரில் அதற்குப் புதிய பெயர்கூடத் தேவையில்லை; மிக்சி, ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தவரே. ஐரோப்பிய வீடுகளில் ஒதுங்கிக் கிடந்தவற்றில் பெரும் பகுதி இயங்கும் நிலையில் இருந்தது என்பதை நினைத்தால், உருக்குவதற்கு முன் சரிசெய்து பார்ப்பதே அறிவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு. எடுத்துச் செல்லும் நிறுவனத்தின் பதிவை வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடையோடு கூடிய ஒப்படைப்புச் சீட்டு பெற வேண்டும். மறுசுழற்சி நிறுவனங்களே கழிவை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அலுவலகம் அதைவிட விரைவாகக் கைமாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊழியர் பிரதிநிதிகள் அந்த ஆலைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததையும் சீட்டில் உள்ளதையும் அறிவிப்புப் பலகையில் எல்லாருக்கும் எழுதி ஒட்ட வேண்டும். பதக்கம் இல்லாவிட்டாலும், தன் பழைய சார்ஜர் எங்கே போனது என்று ஊழியருக்குத் தெரியட்டும்.

முடிவு

பணியிடச் சேகரிப்பு வீட்டு மின்னணுக் கழிவு முழுவதையும் தீர்த்துவிடாது. நாட்டில் உழைப்போரில் பெரும்பாலோருக்கு அலுவலகமோ ஆலை வாசலோ இல்லை. அவர்களுக்கு உள்ளாட்சியும் கடைகளும் வாசல் திறந்தாக வேண்டும். கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்து முறையாக அனுப்பும் பொறுப்பை விதிகள் ஏற்கெனவே உள்ளாட்சிகளிடம் கொடுத்திருக்கின்றன. ஃபிரிட்ஜும் ஏசியும் அலுவலகப் பெட்டியில் அடங்கா. ஆனால் மிக அதிகமாகக் கசியும் சின்னப் பொருட்களுக்கு, இன்றைக்கு நம்மிடம் இருக்கும் மிகக் குறைந்த செலவுள்ள, மிக அருகிலுள்ள வழி பணியிடமே. பெட்டி நிரந்தரமாகவும், பேட்டரி தனியாகவும், தரவு பாதுகாப்பாகவும், சேகரிப்பவரின் கூலி உறுதியாகவும், கணக்கு வெளிப்படையாகவும் இருந்தால் இந்த முயற்சி பலன் தரும். இவற்றில் கணக்கு மட்டும் இல்லாவிட்டாலும் தராது. ஆராய்ந்ததில் நான் கண்ட முடிவு இது.

இதைப் படிப்பவர் ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். இன்றிரவு டிராயரைத் திறந்து, ஓராண்டாகத் தொடாத பொருட்களை எடுத்து வையுங்கள். நாளை உங்கள் மேலாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் நிறுவனத்தின் பழைய கணினிகளை யார் எடுத்துச் செல்கிறார்? அதே வண்டியில் எங்கள் வீட்டுப் பொருளும் போகலாமா? பெட்டி வந்த பிறகு, ஒவ்வொரு முறை வண்டி போகும்போதும் மூன்றாவது கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்: போனது எங்கே சேர்ந்தது, சீட்டைக் காட்ட முடியுமா?